புதுப்பிப்பு: 2–4 டிகிரி நீரில் ஸ்ட்ரோபுக்கு எந்த ஏஏ பேட்டரி? (தீர்ந்தது)

ஐஸ்லாந்தில் டைவிங் செய்யும் குளிர்நீர்ப் பிளவான சில்ஃப்ராவில், அல்கலைன் ஏஏ போட்ட ஸ்ட்ரோப் (நீருக்கடியில் கேமராவோடு பயன்படுத்தும் ஃபிளாஷ்) சில ஃபிளாஷிலேயே திணறுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் மெதுவாகவே இறங்கும் வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்தான். குளிரில் அல்கலைனின் உள்மின்தடை எகிறிவிடும். இதில் அவ்வளவு ஏறாது. ஃபிளாஷுக்குத் தேவையான அதிக மின்னோட்டம் கிடைக்கிறது, ரீசைக்கிளும் (அடுத்த ஃபிளாஷுக்குத் தயாராகும் நேரம்) சீராக இருக்கிறது.

ரீசார்ஜ் ஆகாத 1.5 வோல்ட் லித்தியமும் குளிர் தாங்கும். ஆனால் தொடர்ந்து ஃபிளாஷ் அடித்தால் செல் சூடேறி, உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. டார்ச்சுக்குப் போதும்.

எதிர்பாராதது: நிக்கல் செல் 1.2 வோல்ட் என்பதால் முழு சார்ஜிலும் ஸ்ட்ரோபின் பேட்டரி இண்டிகேட்டர் பாதிதான் காட்டியது. அதை நம்பாதீர்கள். கேமராவின் லித்தியம் அயான் பேட்டரியை அறை வெப்பநிலையில் சார்ஜ் செய்து, உலர்ந்த அறையிலேயே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஹவுசிங்கை (கேமராவின் நீர்புகா உறை) மூடுங்கள்; ஈரக்காற்று உள்ளே சிக்கினால் குளிர்நீரில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போர்ட் கண்ணாடி மங்கும்.