சாஃப் (தெற்காசியக் கால்பந்து) 19 வயதுக்குட்பட்ட மகளிர் இறுதி: 11-11க்குப் பிறகு டாஸ் சரியா?

கேள்வி: 2024 பிப்ரவரி, டாக்கா. இந்தியா–வங்கதேசம் 1-1, பெனால்டி ஷூட்-அவுட்டில் 11-11. அதன்பின் நாணயம் சுண்டி இந்தியாவை ஜெயித்ததாக அறிவித்தார்களே, விதி அப்படியா?

பதில் 1: இல்லை. ஆட்ட விதி 10-இன்படி, கோல்கீப்பர் உட்பட தகுதியுள்ள எல்லோரும் ஒருமுறை அடித்து முடித்தபின் இரண்டாவது சுற்று தொடங்க வேண்டும். அதில் அடிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு அணி கோல் போட்டு, மற்றது தவறவிடும் வரை இதே கதைதான்.

பதில் 2: டாஸுக்கு வேலையே ஷூட்-அவுட் தொடங்கும் முன்புதான். ஒன்று எந்தப் பக்க கோல் என்பதற்கு; இன்னொன்றில் ஜெயித்தவர் முதலில் அடிப்பதா, இரண்டாவதா என்று முடிவு செய்வார். டாக்காவில் டாஸ் போடலாம் என்று முடிவெடுத்தது மேட்ச் கமிஷனர் (ஆட்டத்தை மேற்பார்வையிடும் அதிகாரி). வங்கதேச அணி எதிர்த்தது, கடைசியில் இரு அணிகளும் கூட்டுச் சாம்பியன்.

பதில் 3: பயிற்சியாளர்களுக்கு: ஐந்து பேருக்கு மட்டும் பெனால்டி பழக்கினால் போதாது. கோல்கீப்பரையும் சேர்த்து 11 பேருக்கும் வரிசை எழுதி வையுங்கள். ஒருவர் சிவப்பு அட்டை வாங்கியிருந்தால் எதிரணியும் ஆளைக் குறைத்தாக வேண்டும். பலவீனமாக அடிப்பவரைத்தான் கழிப்பார்கள்!