புதுப்பிப்பு: வீட்டு சர்வர் ரேக்குக்கு நெட்வொர்க் பவர் ஸ்டிரிப்

வெளியூரில் இருக்கும்போது சர்வர் தொங்கிப்போனால் நெட்வொர்க் வழியாகவே கரண்டை நிறுத்திப் போட மலிவான ஸ்டிரிப் எது என்று கேட்டிருந்தேன். கடைசியில் வாங்கியது ஏபிசி நிறுவனத்தின் ஏபி7920 மாடல், செகண்ட் ஹேண்டில். 230 வோல்ட், 10 ஆம்பியர், 8 சி13 அவுட்லெட் (கம்ப்யூட்டர் பவர் கேபிளின் கருவிப் பக்க முனை வகை). நம்மூர் மூன்று பின் பிளக் இதில் ஏறாது, சி13-சி14 கேபிளுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

ஃபர்ம்வேர் பழசு, புது பிரவுசர்கள் இதன் எச்டிடிபிஎஸ் பக்கத்தைத் திறக்க மறுக்கின்றன. பரவாயில்லை, எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் நெறிமுறை) போதும். அவுட்லெட்டுக்கு 1 அனுப்பினால் ஆன், 2 ஆஃப், 3 ரீபூட். ஆனால் எஸ்என்எம்பி முதல் பதிப்பில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். தனி விலேன் (மற்ற கருவிகளிடமிருந்து பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) கட்டாயம்.

பலர் சொன்ன டாஸ்மோட்டா (ஸ்மார்ட் பிளக்குகளுக்கான திறந்த மூல ஃபர்ம்வேர்) வைஃபை பிளக் இதைவிட மலிவு. மீட்டர் உள்ள மாடலில் ஒவ்வொரு கருவியின் வாட்டும் தெரியும். ஏபிசியில் மொத்த ஆம்பியர் மட்டும்தான். ஆனால் ரவுட்டரை அந்த வைஃபை பிளக்கில் மாட்டி ஆஃப் செய்தால் வைஃபையும் போய்விடும், திரும்ப ஆன் செய்ய நேரில்தான் போக வேண்டும்!

அப்புறம், கரண்ட் போய் வந்தால் எந்த அவுட்லெட் எத்தனை விநாடி கழித்து உயிர்பெற வேண்டும் என்றும் ஏபிசியில் வைக்கலாம். நெட்வொர்க் ஸ்விட்ச் முதலில், அடுத்து நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்), கடைசியில் சர்வர்.