தென்காசி வீட்டுக் குழு: செல்விக்குக் கட்டில் எங்க வாங்குறது?

செல்வி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. சென்னை பள்ளிக்கரணை வீட்டுக்கு 1ஆம் தேதி குடி போறோம். கட்டில், மெத்தை, சோபா, பாப்பாவுக்குப் படிக்கிற மேஜை, நாலு பேர் உக்காந்து சாப்பிடுற டேபிள் வேணும். எல்லாத்துக்கும் சேர்த்து கையில ஒன்றரை லட்சம். அவருக்கு சனிக்கிழமையும் வேலை, கடை கடையா ஏறி இறங்க முடியாது. ஆன்லைன்ல எங்க வாங்கலாம்?

செல்வி: 📷 இந்தக் கட்டிலைப் பாருங்க. 63,300 ரூபாய், 70% தள்ளுபடி போக 18,990. இன்னைக்கு ராத்திரி 12 மணியோட ஆஃபர் முடியுதாம்.

அம்மா: நல்லா இருக்கே. தலைமாட்டுல டிசைன் அழகா இருக்கு.

பிரியா மதினி: செல்வி, அந்த 12 மணியைப் பாத்துப் பதறாத. பொய்யா அவசரப்படுத்துறது, கேக்காமலே கூடையில எதையாவது சேர்த்து விடுறது, கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு கட்டணத்தை நீட்டுறது, இதெல்லாம் செய்யக்கூடாதுன்னு 2023 நவம்பர்ல மத்திய அரசு வழிகாட்டுதலே போட்டிருக்கு. மொத்தம் 13 வகை. இருந்தாலும் கடிகாரம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கூடுதல் வாரண்டி ஏதாவது தானா டிக் ஆயிருக்கான்னு பாரு.

பெரியப்பா: படத்த வச்சு நான் என்ன சொல்ல தாயி. கீழ இறக்கிப் பாரு. என்ன மரம்னு எழுதியிருக்கான்?

செல்வி: இன்ஜினியர்டு வுட், வால்நட் ஃபினிஷ்னு போட்டிருக்கு பெரியப்பா.

பெரியப்பா: அப்போ வால்நட் மரம் கிடையாது. மேல ஒட்டுன தாளோட நிறம் அது. உள்ள என்ன இருக்குன்னு அவன் சொல்லவே இல்ல. பிளைவுட்டும் அந்தப் பேர்ல வரும், மரநார அழுத்திச் செஞ்ச எம்.டி.எஃப் வரும், பார்ட்டிகிள் போர்டும் வரும். மூணுக்கும் ஆயுசு வேற வேற. கேட்டு வாங்கு.

பெரியப்பா: 🎤 குரல் செய்தி

மீனா அத்தை: அண்ணே, நான் பஸ்ல இருக்கேன், கேக்க முடியல. யாராவது எழுதுங்க.

சரவணன் அண்ணன்: அப்பா சொன்னதை அப்படியே எழுதுறேன் அத்தை.

"பார்ட்டிகிள் போர்டுன்னா மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்துன பலகை. ஓரத்துல பட்டை ஒட்டியிருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பட்டை பேந்து தண்ணி உள்ள போச்சுன்னா டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி உப்பிரும், திரும்ப உக்காராது. இன்னொண்ணு, ஒரு தடவ போட்ட ஆணியக் கழட்டி அதே ஓட்டையில மாட்டுனா பிடிக்காது. நீ இருக்கப் போறது வாடகை வீடு. மூணு வருசத்துல ரெண்டு வீடு மாறுவ. மாறும்போது கட்டிலக் கழட்டாம எப்படி? எம்.டி.எஃப் அதவிடக் கொஞ்சம் தேவலாம், ஆனா அதுவும் தண்ணிக்கு ஆகாது. பிளைவுட்னா இந்தியத் தர எண் கேளு, ஐ.எஸ். 303ல தண்ணி தாங்குற வகையா, ஐ.எஸ். 710 மரைனான்னு. பலகையில முத்திரை இருக்கும். தினம் ரெண்டு பேரும் குழந்தையும் படுத்து எந்திரிக்கிற சாமானுக்கு அந்தத் தூள் பலகை வேண்டவே வேண்டாம்."

மீனா அத்தை: அண்ணன் செங்கோட்டையில மரக்கடை வச்சிருந்த காலத்துலயும் இதையேதான் எல்லாருக்கும் சொல்லும். கேட்டுக்கோ செல்வி.

செல்வி: சரி பெரியப்பா. அப்போ ஷீஷம்னு நிறைய சைட்ல வருதே, சாலிட் வுட். ஜோத்பூர்ல செஞ்சு அனுப்புறாங்க. அது வாங்கலாமா? 32,000 ஆகுது.

பெரியப்பா: நல்ல மரம்தான். நம்ம ஈட்டி மரத்துக்குச் சொந்தம். ஆனா ரெண்டு விசயம் பாக்கணும். ஒண்ணு, அது ராஜஸ்தான்ல காஞ்ச காத்துல செஞ்ச சாமான். நீ இருக்குறது கடலுக்கும் சதுப்புக்கும் நடுவுல. மரம் ஈரத்த இழுத்து அகலத்துல விரியும். ஐப்பசி கார்த்திகையில இழுப்பறை திறக்க வராது, கதவு முட்டும். அதனால ஷீஷத்துல இழுப்பறை வச்ச கட்டில் எடுக்காத, வெறும் சட்டக் கட்டில் எடு.

பெரியப்பா: ரெண்டாவது, ஷீஷத்துல நடுக்கட்டை கருஞ்சிவப்பா இருக்கும், ஓரக்கட்டை வெளுப்பா இருக்கும். அந்த வெளுப்புலதான் பூச்சி விழும். மாவு மாதிரி தூள் கொட்டும். பாலீஷ் அடிச்சு மறைச்சிருவாங்க. வந்த அன்னைக்கே கட்டிலக் கவுத்து அடிப்பக்கம் பாரு, அங்க சாயம் பூச மாட்டாங்க.

சரவணன் அண்ணன்: நாங்க பெங்களூருல வீடு போட்டப்போ பாதி ஐகியாலதான் எடுத்தோம். நாகசந்திரா மெட்ரோவை ஒட்டியே கடை, 2022ல திறந்தது. எனக்குப் பிடிச்ச விசயம், அவங்க சைட்ல ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பொருள்னு தனித்தனியா எழுதியிருப்பாங்க. மேல் பலகை இது, முதுகுப் பலகை இது, கால் இதுன்னு. தூள் பலகையா இருந்தா தூள் பலகைன்னே போட்டிருக்கும். மத்த சைட்லயும் அந்த அளவுக்குக் கேட்டு வாங்கணும். புத்தக அலமாரி, பாப்பா மேஜை மாதிரி சாமானுக்கு அது போதும். பெட்டியில பலகையா வரும், சாவி போட்டு நாமளே முடுக்கிக்கணும். டெலிவரி உங்க பின்கோடுக்கு வருதான்னு போட்டுப் பாரு.

அருண்: முடுக்குறது நான் பாத்துக்கிறேன் அத்தான்.

செல்வி: பெப்பர்ஃபிரை, அர்பன் லேடர், வேக்ஃபிட், வுடன் ஸ்ட்ரீட், அமேசான், ஃபிளிப்கார்ட்... பத்து டேப் திறந்து வச்சிருக்கேன். தலை சுத்துது. ஒரே இடத்துல எல்லாத்தையும் வாங்கிட்டா நிம்மதி இல்லையா?

பிரியா மதினி: அங்கதான் கவனமா இருக்கணும். அமேசான், ஃபிளிப்கார்ட்ல வர்ற கட்டிலைப் பெரும்பாலும் வேற யாரோ விக்கிறாங்க. "விற்பவர்"னு இருக்குற பேரை அமுக்கிப் பாரு. எந்த ஊரு, எவ்வளவு நாளா விக்கிறாங்க, திருப்பி எடுப்பாங்களா, இதெல்லாம் அங்க தெரியும். தானே செஞ்சு தானே விக்கிற கம்பெனின்னா பதில் சொல்ல ஒரே ஆள். சென்னையில ஷோரூம் இருக்குற சைட்டா இருந்தா இன்னும் நல்லது. ஒரு ஞாயிறு சாயங்காலம் போய் உக்காந்து பாத்துட்டு, வீட்டுக்கு வந்து ஆர்டர் போடலாம். பழைய பேரை மட்டும் நம்பாத. அர்பன் லேடரையே 2020ல ரிலையன்ஸ் வாங்கிருச்சு. இன்னைக்கு வந்த மதிப்பீடுகளைப் படி, மூணு வருசத்துக்கு முந்தினதை விடு.

மீனா அத்தை: மதிப்பீட்டுல அஞ்சு நட்சத்திரத்தப் படிக்காத செல்வி. ரெண்டு, மூணு நட்சத்திரம் போட்டவங்க எழுதுனதப் படி. அதுவும் வீட்டுல எடுத்த படம் போட்டிருந்தா அதப் பாரு. ஆறு மாசம் கழிச்சு எழுதுனவங்க சொல்றதுதான் உண்மையான கதை.

மீனா அத்தை: எங்க வீட்டு சோபா கதை தெரியும்ல. பேர் எல்லாம் வேண்டாம். மூணு பேர் உக்கார்ற சோபா, ஒரு கால் உடைஞ்சு வந்துது. பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, கொண்டு வந்தவன் ஓ.டி.பி. வாங்கிட்டுப் போயிட்டான். சைட்காரன் விக்கிறவனைக் கேளுங்கிறான், விக்கிறவன் லாரிக்காரனைக் கேளுங்கிறான். ரெண்டு மாசம் செங்கல் முட்டுக் கொடுத்து வச்சிருந்தோம்.

பிரியா மதினி: அத்தைக்குத் தீந்தது எப்படின்னு செல்விக்குத் தெரியட்டும். 1915க்கு போன் போட்டோம், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறை சொன்னா 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு பதில் கொடுக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். பழுதான சாமானையோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத சாமானையோ திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்லக்கூடாது. புகார் எண் வாங்கின பிறகு பத்து நாள்ல சோபா மாறி வந்துச்சு. அப்பவும் நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையம். நீ குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது.

செல்வி: இது எனக்குத் தெரியவே தெரியாது மதினி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறேன்.

பிரியா மதினி: சாமான் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடு. ஆர்டர் போட்ட பிறகு "சாலிட் வுட்" மாறி "இன்ஜினியர்டு" ஆயிடும் சில இடத்துல. பெட்டி வந்தா பிரிக்கிறதை வீடியோ எடு, மூடியிருந்த நிலையிலேர்ந்து. பிரிச்சுப் பாக்காம ஓ.டி.பி. சொல்லாத.

அம்மா: இவ்வளவு தொந்தரவுக்கு நேரா கடைக்கே போயிரலாமே.

பெரியப்பா: கடைக்காரனும் தூள் பலகையத்தான் மின்ன மின்ன வச்சிருக்கான் சாந்தா. எங்க வாங்குனாலும் கேட்டுத்தான் வாங்கணும். கம்ப்யூட்டர்ல ஒரு நல்லது, எழுதிக் கொடுத்திருக்கான். வாயால சொன்னத நாளைக்கு இல்லம்பான்.

அருண்: ஒரு சந்தேகம். எனக்கு ரெண்டு வருசத்துல ஹைதராபாத் மாத்துனாலும் மாத்துவாங்க. வாடகைக்கு எடுத்தா என்ன? ரெண்டோமோஜோ, ஃபர்லென்கோ எல்லாம் சென்னையில இருக்கு.

சரவணன் அண்ணன்: ஒரு வருசத்துக்குள்ளன்னா வாடகை நல்லது மாப்பிள. ரெண்டு வருசம்னா மாச வாடகையை 24ஆல பெருக்கி, புதுசு விலையைப் பக்கத்துல எழுதிப் பாருங்க. சோபாவுக்கு வேணா ஒத்து வரும். கட்டிலுக்கு எனக்கு மனசு வரல.

பெரியப்பா: கட்டிலு சொந்தமா இருக்கட்டும்.

செல்வி: வட்டியில்லா இ.எம்.ஐ.னு வேற காட்டுது. எடுக்கலாமா?

பிரியா மதினி: வட்டி இல்லாம எந்த வங்கியும் தராது. கார்டுக்கு வட்டி போடத்தான் செய்வாங்க, அந்த அளவு விலையில முன்கூட்டியே தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டுவாங்க. வட்டி மேல 18% ஜி.எஸ்.டி.யும், செயல்பாட்டுக் கட்டணமும் உன் தலையில. கையில பணம் இருக்கும்போது வேண்டாம்.

பெரியப்பா: வீடு எத்தனாவது மாடி?

செல்வி: தரைத்தளம் பெரியப்பா. முன்னாடி சின்ன வாசல் இருக்கு.

பெரியப்பா: ஏட்டி, இத முதல்லயே சொல்ல வேண்டாமா. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்குப் பள்ளிக்கரணை எப்படிக் கெடந்துச்சு, டி.வி.யில பாத்தோம்லா. தரையோட ஒட்டுற பெட்டிக் கட்டில் கூடவே கூடாது. அதுக்கு அடியில இருக்குறது பூராவும் பலகை, ஒரு சாண் தண்ணி வந்தா முடிஞ்சு போச்சு. கரையானுக்கும் அது சௌகரியம், உள்ள என்ன நடக்குன்னு தெரியாது. கால் வச்ச கட்டில் எடு, அடியில விளக்குமாறு போற மாதிரி. காலுக்கு ரப்பர் குப்பி மாட்டு. அலமாரி கூட இரும்பு பீரோ போதும் உனக்கு.

அம்மா: என் பீரோவ அனுப்பிரட்டா? சும்மாதான கெடக்கு.

செல்வி: அனுப்புங்கம்மா ❤️ அது ஒண்ணு மிச்சம்.

மீனா அத்தை: சோபாவுக்கு ஃபோம் எத்தனை டென்சிட்டின்னு, அதான் அடர்த்தி, கேளு. 32க்குக் கீழ இருந்தா ஒரே வருசத்துல குழி விழுந்துரும். உறை கழட்டித் துவைக்கிற மாதிரி இருக்கான்னும் பாரு, பாப்பா இருக்கா. உறைக்குள்ள ஜிப் இருந்தாலே கழட்டலாம்னு நினைக்காத, சிலது சும்மா தச்சது.

சரவணன் அண்ணன்: அளவு எடுத்தியா செல்வி? வாசல் அகலம், உள் கதவு அகலம், திரும்புற இடம். இன்னொண்ணு முக்கியம். கட்டில் 78 இஞ்சுக்கு செஞ்சிருப்பான், மெத்தை 75 இஞ்சுல இருக்கும். தலைமாட்டுல மூணு இஞ்சு இடைவெளி, தலையணை அதுல போய் விழும். கட்டிலும் மெத்தையும் ஒரே அளவுன்னு எண்ணைப் பாத்து வாங்கு, கிங், குயின்ங்கிற பேரைப் பாத்து வாங்காத.

செல்வி: படுக்கையறை 10க்கு 11 அடி. குயின் அளவு, 78க்கு 60 போதும்னு அவர் சொல்றார்.

சரவணன் அண்ணன்: சரியான முடிவு. 72 இஞ்சு அகலம் எடுத்தா பீரோ திறக்க இடம் இருக்காது.

செல்வி: மெத்தை ஆன்லைன்ல பயமில்லாம வாங்கலாமா?

பிரியா மதினி: தாராளமா. வேக்ஃபிட் மாதிரி கம்பெனிங்க 100 ராத்திரி படுத்துப் பாக்க விடுறாங்க. பிடிக்கலைன்னா திருப்பி எடுக்குறது எப்படி, பணம் முழுசா வருமான்னு அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிச்சிரு. கடையில அஞ்சு நிமிசம் செருப்போட உக்காந்து பாக்கிறதைவிட அது மேல்.

பெரியப்பா: சாப்பாட்டு மேஜைக்கு ரப்பர் மரம் எடுக்கலாம். கன்னியாகுமரி, கேரளாவுல பால் வத்துன மரத்த வெட்டி, மருந்து ஏத்திக் காய வச்சு செய்றாங்க. விலையும் கம்மி. வீட்டுக்குள்ள இருக்குற வரைக்கும் நல்லா உழைக்கும். வெயில், மழை படுற வாசல்ல மட்டும் போடாத.

அம்மா: மேஜை இப்பவே வேணுமா? பத்தமடைப் பாய் ரெண்டு இருக்கு, பீரோவோட ஏத்தி விடுதேன். பாப்பாவும் கீழ உக்காந்து சாப்பிடப் பழகட்டும்.

அருண்: அத்தை சொல்றது நல்லா இருக்கு. மேஜையைத் தீபாவளிக்குப் பிறகு பாக்கலாம். அந்தப் பணத்தைக் கட்டில்ல போடலாம்.

செல்வி: அப்போ இப்படி வச்சுக்கலாமா. மெத்தை ஆன்லைன், கம்பெனிகிட்டயே நேரா. பாப்பா மேஜை பலகையா வர்றது, அவர் முடுக்குவார். சோபாவை இந்த ஞாயித்துக்கிழமை வேளச்சேரி பக்கம் ஷோரூம்ல உக்காந்து பாத்துட்டு அதே சைட்ல போடுறோம். கட்டில்தான் மனசு ரெண்டா இருக்கு. ஷீஷம் 32,000. வீட்டுப் பக்கத்துல ஒரு ஆசாரி தேக்குல குயின் கட்டில் 38,000 சொல்றார்.

பெரியப்பா: என்ன தேக்குன்னு கேட்டியா? நாட்டுத் தேக்கா, வெளிநாட்டு இறக்குமதியா? இளங்கட்டையா இருந்தா தேக்குங்கிற பேருக்கு அர்த்தமில்ல. சட்டம் எத்தனை இஞ்சு கனம், குறுக்குப் பலகை தேக்கா பிளைவுட்டா, கழட்டி மாட்டுற மாதிரி போல்ட்டா இல்ல பசை போட்டு இறுக்கிருவானா, எல்லாம் எழுதி வாங்கு. அவரு அறுத்து வச்ச கட்டையோட வெட்டுவாயப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பாத்துச் சொல்லுதேன்.

செல்வி: இப்பவே போறேன் பெரியப்பா, கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும்.

செல்வி: 📷📷📷

பெரியப்பா: முதல் படம் வேண்டாம், ஓரம் பூராவும் வெளுப்பு. ரெண்டாவதும் மூணாவதும் நல்ல கட்ட, ரேகை நெருக்கமா இருக்கு. அந்த ரெண்டுலயே முன்கால், பின்கால், பக்கச் சட்டம் எடுக்கச் சொல்லு. பலகைக்கு 710 பிளைவுட் போட்டா போதும், அங்க தேக்கு வீண் செலவு. அப்படின்னா எவ்வளவு குறைப்பாருன்னு கேளு.

செல்வி: 34,500க்கு ஒத்துக்கிட்டார். கழட்டி மாட்டுற மாதிரி போல்ட் போடுறார். 12 நாள்ல தர்றேங்கிறார்.

பெரியப்பா: முன்பணம் பாதிக்கு மேல கொடுக்காத. கால் உயரம் எவ்வளவு சொன்ன?

செல்வி: இன்னும் சொல்லல. ஒரு அடி சொல்லவா?

பெரியப்பா: ஒரு அடி போதும். மெத்தை கனம் ஆறு இஞ்சா எட்டு இஞ்சா? அதையும் அவருகிட்ட சொல்லிரு, பாப்பா ஏறி இறங்கணும்லா.