மறு: சைட்டேஷனுக்கு ‘மேற்கோள்’ போதாதா?

அன்புள்ள குழுவினருக்கு,

> மேற்கோள் என்று நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

இந்தக் கேள்வி இழையில் மூன்றாம் முறையாக வந்துவிட்டது. தப்பு என்மேல்தான். சைட்டேஷனுக்கு, அதாவது ஓர் ஆய்வுக்கட்டுரை இன்னொன்றைக் குறிப்பிடுவதற்கு, எங்கே இடிக்கிறது என்று சொல்லாமல் தமிழ்ச்சொல்லை மட்டும் கேட்டுவிட்டேன்.

நான் படிப்பது இயந்திரவியல். ஆய்வு, பற்றவைத்த இணைப்புகளில் உலோகச் சோர்வு (பளு திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் விரிசல் விடுவது) பற்றியது. படித்த கட்டுரைகளைப் பட்டியல் போட்டு இளையவன் ஒருவனிடம் கொடுத்தேன். ஒரு கட்டுரைக்கு நேரே ‘40 மேற்கோள்கள்’ என்று எழுதியிருந்தேன். பிற்பாடு வந்த 40 கட்டுரைகள் இதைக் குறிப்பிட்டிருக்கின்றன என்பது நான் நினைத்தது. இதன் கடைசிப் பக்கத்தில் 40 கட்டுரைகளின் பட்டியல் இருக்கிறது என்பது அவன் புரிந்துகொண்டது. பக்கத்தில் இருந்த நண்பன், ‘இரட்டைக் குறிக்குள் நாற்பது வாசகமா? இது என்ன பட்டிமன்றமா?’ என்று கேட்டான். மூவருக்கும் தமிழ் தெரியும். மூவர் புரிந்துகொண்டதும் அகராதிப்படி சரி.

இத்தனைக்கும் ‘மேற்கோள்’ பழையபடியே நிற்கும் சொல்லும் இல்லை. நன்னூலில் அது வரும் இடத்தைத் தமிழாசிரியர் ஐயா போன மடலில் எடுத்துக் காட்டினார். அங்கே அதன் பொருள், நூல் செய்பவர் ‘இதைச் செய்வேன்’ என்று மேற்கொள்ளும் கொள்கை. பிறர் வாசகத்தை எடுத்துப் போடுவது என்ற பொருள் பின்னால் ஓங்கியது. ஏற்கெனவே இரண்டு சுமை தூக்கும் சொல்லின் தலையில் மூன்றாவதையும் வைக்க வேண்டுமா?

> ‘சான்று’ என்று வைத்துக்கொள்ளலாமே?

காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துவராது. ஒரு கட்டுரையை சைட் செய்கிறவர் அதை ஆதரிக்கிறார் என்று பொருள் இல்லை. ‘இவர் கணக்கு தப்பு’ என்று சொல்வதற்கும் அதே எண்ணைத்தான் அடைப்புக்குறிக்குள் போடுகிறார். நன்னூலின் எழுவகை மதத்தில் (நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கையில்), உடன்படுதல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல் எல்லாம் தனித்தனியாக உண்டு. சைட்டேஷன் இவை எல்லாவற்றுக்கும் பொது. ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் சைட் செய்தார்கள் என்று தேடும் முறை பிறந்த கதையும் அதற்கு ஒத்தே இருக்கிறது. அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் சயன்ஸ் இதழில் இந்த யோசனையை முன்வைத்தபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்தது வழக்கறிஞர்களின் கருவி ஒன்று: 1873-இல் தொடங்கிய ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ். பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்பு ஏற்றதா, தூக்கி எறிந்ததா என்று பார்ப்பதற்காகவே அது இருந்தது. கார்ஃபீல்டின் அறிவியல் அடைவு (சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்) 1964-இல் வெளிவந்தது.

பொறியியல் மாணவனுக்கு இது ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேடுபெட்டியில் சோர்வுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபெட்டீக்’ என்று மட்டும் போட்டுப் பாருங்கள். தூங்கி வழியும் லாரி ஓட்டுநர், இரவுப்பணி செவிலியர் என்று களைத்துப்போன மனிதர்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள். நம் இரும்பைக் காணோம். காம்பென்டெக்ஸ் மாதிரி பொறியியல் தரவுத்தளத்தில் ‘ஃபெட்டீக் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ என்று வரையறுத்த பொருட்சொல்லே இருப்பதால் அங்கே பிழைத்தோம். இன்னொரு வழி, சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பது. விரிசல் வளரும் வேகம் பற்றி பாரிசும் எர்டோகனும் 1963-இல் எழுதிய கட்டுரையை எடுங்கள். அதன் கடைசிப் பட்டியலில் 1963-க்குப் பிந்தியது எதுவும் இருக்க முடியாது. அதை சைட் செய்தவையோ ஆயிரக்கணக்கில். கூகுள் ஸ்காலரில் அவற்றைத் திறந்தால் மேலே ஒரு சின்னக் கட்டம் வரும். அதை டிக் செய்துவிட்டு ‘வெல்டிங்’ என்று தேடினால் அந்த ஆயிரங்களுக்குள் மட்டும் தேடும். செவிலியர் யாரும் வரமாட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். என் முன்மொழிவு ‘சுட்டு’.

> தம்பி, ‘ப்ராஜெக்டைச் சுட்டுட்டான்’ என்றால் என்ன அர்த்தம் தெரியுமா?

தெரியும் அண்ணா, விடுதியில் தினமும் கேட்கிறேன்! நேர்மையாகக் குறிப்பிடுவதற்கு நாம் வைக்கும் சொல், பேச்சில் திருட்டுக்குப் பெயராக இருப்பது பெரிய சங்கடம்தான். ஆனால் இலக்கணம் கைகொடுக்கிறது. திருடுவது ‘சுடு’, அதிலிருந்து வருவது சுட்ட, சுடுகை. காட்டுவது ‘சுட்டு’, அதிலிருந்து வருவது சுட்டிய, சுட்டுகை. ‘சுட்ட கட்டுரை’க்கும் ‘சுட்டிய கட்டுரை’க்கும் நடுவே இருப்பது ஒரு ‘டி’, ஒரு ‘ய’. எனவே தனியாக ‘சுட்டு’ என்று நிறுத்தாமல் ‘சுட்டுகை’ என்று வைத்துக்கொண்டால் சிரிப்பு அடங்கும். சைட்டேஷன் இன்டெக்ஸ் ‘சுட்டுகை அடைவு’ ஆகிவிடும். ‘சுட்டி’ மட்டும் வேண்டவே வேண்டாம். அது இணைய இணைப்புக்கும் கணினி எலிக்கும் வாண்டுப் பயல்களுக்கும் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று.

அடுத்தது திசைச் சிக்கல். ஆங்கிலத்தில் முன்னோக்கு (இதைச் சைட் செய்த பிந்தைய கட்டுரைகளைத் தேடுவது), பின்னோக்கு (இது சைட் செய்த பழையவற்றைத் தேடுவது) என்று இரண்டு தேடல் சொல்கிறார்கள். அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் குழப்பம் உறுதி. நம்மிடம் ‘முன்’ என்பது கடந்த காலம்: முன்பு, முன்னோர். அதுவே கண்ணெதிரே இருக்கும் திசையும்: முன்னால், முன்னேறு. ‘முன்னோக்கிய தேடல்’ என்றால் முன்னோரை நோக்கியதா, முன்னேறிப் போவதா? நான் முதலில் எழுதிய ‘வேர்த்தேடல்’, ‘விழுதுத்தேடல்’ இரண்டும் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தன. நூலகர் அம்மா ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்: சொல்லின் அடிப்பகுதியோடு நட்சத்திரக் குறி போட்டு, அதன் எல்லா வடிவங்களையும் பிடிப்பதை அவர் மாணவர்களுக்கு ‘வேர்ச்சொல் தேடல்’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறாராம். இரண்டு வேரும் ஒரே பாடவேளையில் வந்தால் கதை கந்தல்.

தமிழாசிரியர் ஐயா சொன்ன ‘வழிக்கட்டுரை’ அதைவிட ஆசை காட்டியது. முதல்நூல், அதன் வழியே எழுந்த வழிநூல், சார்புநூல் என்ற பழைய பகுப்பிலிருந்து எடுத்தது. ஐயா மன்னிக்க வேண்டும்: முன்னுரையில் ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் போகிற கட்டுரையை எப்படி வழிக்கட்டுரை என்பது? நாற்பதில் முப்பது அப்படிப்பட்டவைதான்.

நேற்று இரவு இதையே எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தபோது, திசைக்குத் தனிச்சொல்லே வேண்டாமோ என்று தோன்றியது. தாளில் இரண்டு வரி எழுதினேன்.

இது சுட்டியவை
இதைச் சுட்டியவை

முதலாவது கடைசிப் பக்கப் பட்டியல். இரண்டாவது பிற்பாடு வந்தவை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டாம் வேற்றுமையே வேலையை முடித்துவிடுகிறது. ‘40 மேற்கோள்கள்’ என்று நான் எழுதியதை ‘இதைச் சுட்டியவை 40’ என்று திருத்தி அதே இளையவனிடம் காலையில் காட்டினேன். ஒரு நொடியில் ‘ஓ, பின்னாடி வந்ததா?’ என்றான். அவன் ‘பின்னாடி’ என்று சொன்னதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் முன்னோக்கு.

ஒரு குறை. கைப்பேசித் திரையில் சின்ன எழுத்தில் ‘இது’வும் ‘இதைச்’சும் அவசரத்துக்கு ஒன்றுபோலத் தெரியும். பொத்தானில் போடுவதாக இருந்தால் ‘இக்கட்டுரை சுட்டியவை’, ‘இக்கட்டுரையைச் சுட்டியவை’ என்று நீட்டலாம் என்கிறேன். இடம் பிடிக்கும்தான்.

மற்றவை சுருக்கமாக: ரெஃபரன்ஸ் பட்டியலுக்கு ‘உசாத்துணை’ பல இடங்களில் ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம். கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளக் குறியான டிஓஐ-யை டிஓஐ என்றே விட்டுவிடலாம்.

மீதி இருப்பது ஒரு சோடி. இரண்டு பழைய கட்டுரைகளை மூன்றாவது ஒன்று சேர்த்துச் சுட்டுவதை ‘உடன்சுட்டுகை’ எனலாம். ஹென்றி ஸ்மால் 1973-இல் விளக்கிய முறை அது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1963-இல், கெஸ்லர் சொன்னது இதன் தலைகீழ்: இரண்டு புதிய கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரையைச் சுட்டுவதால் அவற்றுக்குள் ஏற்படும் உறவு. இதற்கு நான் எழுதிப் பார்த்த ‘பொதுச்சுட்டு உறவு’ எனக்கே பிடிக்கவில்லை. ஒரே மூலத்தைப் பகிர்வதால் ‘பங்காளி’ என்று எழுதி, சண்டைக்கு வருவீர்கள் என்று அடித்துவிட்டேன். யாரிடமாவது வேறு சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். வெள்ளிக்கிழமை ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
இயந்திரவியல் முதுநிலை மாணவன்