அரபு மாடர்ன் ஆர்ட் கலெக்டருங்க யாரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

ஷார்ஜா பேக்கர்:
பெயின்டிங் பேக் பண்றது, மாட்டுறது என் வேலை. ஒரு வில்லா, ஓனரு வயசான ஈராக்கி டாக்டரு, மாடிப்படி ஓரமெல்லாம் படம்தான், ளியா அஸ்ஸாவி, ஷாகிர் ஹசன்னு அந்தக் கால பாக்தாத் ஓவியருங்க. புதுசா வந்த பொட்டிய பிரிச்சா மனுஷன் முன்பக்கத்த பாக்கவே இல்ல, திருப்புன்னாரு. பின்னாடி டார்ச் அடிச்சு விரலால தடவிக்கிட்டே வந்தாரு. கீழ் மூலைல ஒரு பழைய ஸ்டாம்ப், யாரோ பிளேடால சுரண்டியிருக்காங்க, பாதி நம்பர்தான் மிச்சம். அப்படியே நின்னுட்டாரு. 2003ல பாக்தாத் மாடர்ன் ஆர்ட் மியூசியத்த சூறையாடினப்ப ஆயிரக்கணக்குல போச்சே, அதுல ஒண்ணோன்னு சந்தேகம். மாட்ட வேணாம், திரும்ப பேக் பண்ணுன்னாரு. ஆசைப்பட்டு வாங்கின படம்ங்க அது! முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருந்தாரு. அந்தப் படம் எங்க போச்சுன்னு இன்னிக்கும் மண்டைய கொடையுது.

தோஹா தோழி:
நல்ல மனுஷன்தான், ஆனா வில்லாக்குள்ள பூட்டி வச்சா யாருக்கு பிரயோஜனம்? எங்க ஊர் மத்ஹஃப், அதான் அரபு மாடர்ன் ஆர்ட் மியூசியம், வந்து பாருங்க. ஷேக் ஹசன் அல் தானி தனியாளா சேத்ததுதான் அதுக்கு அடித்தளம், பழைய ஸ்கூல் கட்டிடத்துல 2010 டிசம்பர்ல திறந்தாங்க. ஈராக் மேல தடை இருந்த காலத்துல அங்கத்து ஓவியர்கள தோஹாவுக்கு கூப்பிட்டு வரைய இடம் குடுத்தவரு அவரு. வாசல்ல ஆடம் ஹெனைன் செஞ்ச கல்லு கப்பல் இருக்கு, என் பையன் அத விட்டு வரமாட்டேன்னு ஒரே அழுகை.

கடையநல்லூர்க்காரன்:
தோழி, தனியாளுங்க வாங்கி பத்திரமா வைக்கலன்னா மியூசியத்துல மாட்ட என்ன இருந்திருக்கும்? ஷார்ஜா ஆர்ட் மியூசியத்துல சுல்தான் சவூத் அல் காசிமியோட பர்ஜீல் கலெக்‌ஷன் 2018லேர்ந்து இருக்கு. அதுல காழிம் ஹைதர் 1965ல வரைஞ்ச குதிரைங்க. கர்பலா கதை. நபியோட பேரன் ஹுசைன் அந்தப் போர்ல ஷஹீதானத, அதாவது உயிர்த்தியாகம் செஞ்சத, நெனச்சு குதிரைங்க துக்கம் அனுசரிக்குது. சின்ன வயசுல மொஹரத்துக்கு பஞ்சா எடுக்குறத பாத்து வளந்தவன் நான், படத்து முன்னாடி காலு நகரல, வெளிய டாக்ஸிக்காரரு போன் மேல போன். கைதியா இருந்த இன்ஜி அஃப்லாதூன் படமும் காசிமிகிட்ட இருக்கு, 1959லேர்ந்து 63 வரைக்கும் எகிப்து ஜெயில்ல இருந்தவங்க, உள்ளயே வரைஞ்சிருக்காங்க. இதையெல்லாம் ஒருத்தர் தேடிப்பிடிச்சு வாங்குறாருன்னா அது வெறும் பணக்கார பொழுதுபோக்கு இல்லங்க.

பிரேம் கடை:
துபாய்ல நானும் ஒரு கலெக்டர் வீட்டுக்கு பிரேம் போட்டிருக்கேன், பக்கத்துலயே நின்னு பாத்தாரு, அவ்ளோதான். ஆனா படம் வாங்குற எல்லாருக்கும் சொல்றேன், ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாதீங்க, கல்ஃப் வெயில் கலர உறிஞ்சிரும், ஊருக்கு போறப்ப ஏசிய மொத்தமா அணைச்சுட்டு போனா திரும்பி வர்றப்ப பூஞ்சை பிடிச்சிருக்கும், பேப்பர்ல வரைஞ்சதுன்னா இன்னும் மோசம், கண்ணாடிய ஒட்டி வைக்காம நடுவுல மவுண்ட் போடுங்க, பின்னாடி அட்டைக்கு ஆசிட் இல்லாததா கேட்டு வாங்குங்க, பழைய பிரேம மாத்தினா பின்னாடி இருக்குற கேலரி லேபிள கிழிச்சு எறியாதீங்க, அதுதான் அந்தப் படத்தோட பூர்வீகம். பேக்கர் அண்ணே, சுரண்டின நம்பர சில சமயம் யூவி லைட்ல படிக்க முடியும், அந்த டாக்டர் இன்னும் அங்கதான் இருக்காருன்னா போய் சொல்லுங்க.