சாயத்தண்ணியில (பால் போடாத தேத்தண்ணியில) பிலிம் கழுவுனா, வேலை செய்றது தேயிலையா வைட்டமின் சியா?

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூணையும் கலந்து கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுற, அதாவது எடுத்த படத்தைத் தெரிய வைக்குற, காஃபினால் முறை 1995-ல அமெரிக்காவுல ரோசெஸ்டர்ல தொடங்குனது. இப்ப உலகம் முழுக்கச் செய்றாங்க. தேயிலை மலையில இருந்துக்கிட்டு நாம ஏன் காப்பி டின் வாங்கணும்?

35 மிமீ ரோல் ஒண்ணுக்கு 300 மிலி போதும். 30 கிராம் டஸ்ட் தேயிலையை 400 மிலி கொதிதண்ணியில பத்து நிமிசம் ஊறவச்சு, துணியில பிழிஞ்சு வடிச்சு, ஆறவிட்டு 300-க்கு நிரப்புங்க. தண்ணி சேராத சலவைச் சோடா 16 கிராம் முதல்ல. அது முழுசாக் கரைஞ்ச பிறகு வைட்டமின் சி 5 கிராம். நுரை அடங்க அஞ்சு நிமிசம் விட்டு டேங்குல ஊத்துங்க. 20 பாகையில 15 நிமிசத்துல ஆரம்பிச்சுப் பாருங்க.

வெள்ளிஉப்பு (கண்டி):
சோடாவும் வைட்டமின் சியும் நீங்கள் சொன்ன அளவு காஃபினாலின் வழக்கமான அளவுதான்: லீட்டருக்கு 54 கிராம், 16 கிராம். ஆனால் காப்பி இருந்த இடத்தில் தேயிலையைப் போட்டுவிட்டு ‘தேயிலை டெவலப்பர்’ (கழுவும் மருந்து) என்று பெயர் சூட்டுவதுதான் பிரச்சினை. காப்பியில் வேலை செய்வது காஃபீன் அல்ல, காஃபியிக் அமிலம் போன்ற ஃபீனால்கள். வைட்டமின் சி கார சோடாவில் தனியாகவே மெதுவாகக் கழுவும், காஃபியிக் அமிலம் கூடச் சேர்ந்தால் இரண்டின் வேகமும் கூட்டுத்தொகையைத் தாண்டும். கறுப்புத் தேயிலையில் அந்தத் துணை எங்கே இருக்கிறது? கொழுந்தில் இருந்த கேட்டகின் என்ற ஃபீனால்களில் பெரும்பகுதி ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) புளிக்க வைக்கும்போதே ஆக்சிஜன் ஏறி தியாஃபிளாவின், தியாருபிஜின் என்ற நிறப்பொருள்களாக மாறிவிடும். டெவலப்பர் என்பது பிலிமில் உள்ள வெள்ளி உப்புக்கு எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டியது. உங்கள் டஸ்ட் தேயிலை அதில் பாதிக்கு மேல் முன்பே காற்றுக்குக் கொடுத்துவிட்டது.

சுருக்கமாக, கழுவுவது வைட்டமின் சி. தேயிலை சாயம் மட்டும் பூசுகிறது.

கொழுந்துக்கூடை:
அண்ணே, நீங்களே எனக்கு வழி காட்டிட்டீங்க. புளிக்க வச்சதுதான் குத்தம்னா, புளிக்காத கொழுந்தைப் போட்டா சரிதானே? ரெண்டு இலையும் ஒரு அரும்பும் கிள்ளுன உடனே இடியப்பச் சட்டியில ரெண்டு நிமிசம் ஆவி காட்டணும். இலையைப் பழுப்பாக்குற நொதி சூட்டுல செத்துரும். கசக்குன பிறகு ஆவி காட்டிப் பிரயோசனம் இல்ல. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள்ங்கிற கணக்குல, 30 கிராம் தூளுக்கு 135 கிராம் கொழுந்து. பொடியா நறுக்கி அதே மாதிரி ஊறவச்சாப் போதும்.

கேட்டகின் கூட்டத்துல பாதிக்கு மேல பைரோகலால் (பழைய காலத்துல படம் கழுவுன மருந்து, சுருக்கமா பைரோ) அமைப்பு இருக்கு. 1841-ல டால்பட் காலோடைப்புங்கிற காகித நெகட்டிவ் முறைக்குக் காப்புரிமை எடுத்தப்ப கழுவுனது காலிக் அமிலத்துல. ஆர்ச்சர் 1851-ல வெளியிட்ட, கண்ணாடியில படம் எடுக்குற கொலோடியன் முறையில பைரோகலால். அந்தக் கொலோடியன் கண்ணாடியிலயே படம் எடுத்த ஜூலியா மார்கரெட் கமரூன் 1879-ல செத்து, பொகவந்தலாவ சென் மேரி கோயில்ல அடங்கியிருக்காங்க. சுத்தி முழுக்கத் தேயிலை. அந்த ரசாயனக் குடும்பத்துல ஒரு கிளைதான் இந்தச் செடிக்குள்ளயும் இருக்கு.

வெள்ளிஉப்பு:
கமரூன் காலத்தில் அந்த மலையில் அதிகம் நின்றது காப்பிச் செடி, தம்பி. போகட்டும். ‘அமைப்பு இருக்கிறது’ என்பதும் ‘கழுவுகிறது’ என்பதும் ஒன்றல்ல.

தொங்கல்மலை (நுவரெலியா):
ரெண்டு பேரும் இலையைப் பத்தியே சண்டை போடுறீங்க. படம் வெளுத்துப் போனா முக்கால்வாசி நேரம் குத்தவாளி சோடா.

கடையில அப்பச்சோடாவை (சமையல் சோடாவை) தந்துட்டு ‘ரெண்டும் ஒண்ணுதான்’னு சொல்லுவாங்க. ஒண்ணு இல்ல. அப்பச்சோடாவுக்குப் பிஎச் எட்டைச் சுத்தித்தான், அதுல இந்தக் கலவை கழுவாது. அதைச் சலவைச் சோடாவா மாத்த இரும்புத் தாச்சியில போட்டு வறுங்க. அலுமினியம் வேணாம். சூடு ஏற ஏற தூள் தண்ணி மாதிரி குமிழி விட்டு ஆடும், அதுதான் வாயு வெளியேறுறது. ஆட்டம் நின்ன பிறகும் கொஞ்ச நேரம் கிளறுங்க. 100 கிராம் போட்டா 63 கிராம் நிக்கணும். 75 நின்னா மூணுல ரெண்டு பங்கு வேலைதான் முடிஞ்சிருக்கு, திருப்பி வறுக்கணும். பளிங்கு மாதிரிக் கட்டியா இருக்குற சலவைச் சோடான்னா அதுல மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் குறையத் தண்ணி. 16 கிராமுக்குப் பதிலா 43 கிராம் போடணும்.

வைட்டமின் சிக்கும் தூள்தான். சப்புற மாத்திரையில சீனியும் புளிப்பும் நிறமும் கிடக்கு. எலுமிச்சை உப்பு வேற சாமான், அது சிட்ரிக் அமிலம், சோடாவைத் தின்னுட்டு சும்மா இருக்கும்.

அடுத்தது குளிர். இங்க விடியல்ல குழாய்த் தண்ணி 12, 13 பாகையில வரும். ஒரு பாகை குறைஞ்சா நேரத்தைப் பத்து வீதம் கூட்டுங்கன்னு பொதுவாச் சொல்லுவாங்க, ஆனா வீட்டுக் கலவைக்கு அதை நம்பாதீங்க. வாளியில 21 பாகைத் தண்ணி வச்சு டேங்கை அதுல நிறுத்துங்க. ஹைப்போவும் (படத்தை நிலைக்க வைக்குற மருந்து) கடைசியா அலசுற தண்ணியும் அதே வாளியில இருக்கட்டும். சோடாவுல ஊறி மெத்துன ஜெலட்டின் மேல திடீர்னு பச்சத் தண்ணி பட்டா தோல் சுருங்கி மீன்செதில் மாதிரி ஆகும். ஃபோமா கம்பெனி பிலிம் மாதிரி தோல் அதிகம் இறுகாததுல இது சீக்கிரம் வரும்.

வெளிச்சத்துல வச்சே ஒரு சோதனை: பிலிம் நாக்கை (ரோலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற முனையை) ஒரு துண்டு வெட்டி, பாதியைக் கலவைக்குள்ள தொங்க விடுங்க. சில நிமிசத்துல முங்குன பாதி கருக்கணும், மேல் பாதி அப்படியே நிக்கணும். கருக்கலன்னா ரோலைத் தொடாதீங்க.

கிணத்தடி (பேராதனை):
தண்ணியையும் பாருங்கோ. எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணியில சோடா போட்டால் வெள்ளையாப் படிஞ்சு பிலிமில ஒட்டும். மலைத் தண்ணி மென்மை, அந்தப் பயம் குறைவு. ஆனால் துருக் குழாயில வாற இரும்பு, வைட்டமின் சியைக் கெதியாக் கெடுக்கும், தேயிலையோட சேர்ந்து மை மாதிரிக் கறுக்கவும் செய்யும். கொதிக்க வைச்ச தண்ணியை ஆறவிட்டு வடிச்சு எடுங்கோ, கலந்த அரை மணித்தியாலத்துக்குள்ள பாவிச்சு முடியுங்கோ.

எச்பி5 மாதிரி வேகம் 400 உள்ள பிலிமுக்குப் புகைமூட்டம் (வெளிச்சம் படாத இடமும் லேசாக் கறுக்கிறது) வரும். லீட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் புரோமைட் போடுங்கோ. 300 மிலிக்கு 0.3 கிராம், குசினித் தராசு அதைக் காட்டாது. 10 கிராமைக் கரைச்சு 100 மிலி ஆக்கி வைச்சு, அதில 3 மிலி எடுத்தால் சரி.

வெள்ளிஉப்பு:
வாதம் போதும், துண்டு போட்டுப் பார்த்துவிடலாம். ஒரே சாம்பல் சுவரை ஒரே வெளிச்சத்தில் 36 தடவை எடுங்கள். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் ஒன்பது ஒன்பது பிரேமாக வெட்டுங்கள். ஒரு பிரேமுக்கு 38 மிமீ, ஆக 34 சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி வெட்டி உள்ளே வைத்தால் விரலே அளக்கும். முதல் துண்டு சோடா, சி, கொழுந்து. இரண்டாவது சோடா, சி மட்டும். மூன்றாவது சோடா, கொழுந்து மட்டும். முதலாவதும் இரண்டாவதும் ஒரே அடர்த்தியில் வந்தால் என் பக்கம்.

கொழுந்துக்கூடை:
ரெண்டாவதுல சோடாவைக் கொஞ்சம் குறைக்கணும், இலைச்சாறே புளிப்பு. பிஎச் தாளால ரெண்டையும் ஒண்ணாக்கலன்னா அது நியாயமான போட்டி இல்ல. மூணாவதுக்கு 15 நிமிசம் பத்தாது, ஒரு மணி நேரம் விடுங்க. நாலாவது துண்டும் எனக்கு வேணும்: எல்லாம் முதலாவது மாதிரி, கொழுந்துக்குப் பதிலா டஸ்ட்.

பழுப்பு நிறத்தையும் சும்மா ஒதுக்காதீங்க. பைரோ நெகட்டிவ்ல வெள்ளி கூடுன இடத்துல சாயமும் கூடும், அந்தச் சாயமே படம்.

வெள்ளிஉப்பு:
பிஎச், ஒரு மணி நேரம், நாலாவது துண்டு, எல்லாம் சம்மதம். ஆனால் பைரோவில் வருவது படச்சாயம். தேயிலையில் நான் எதிர்பார்ப்பது வேட்டியில் தேத்தண்ணி கொட்டிய சாயம், எங்கும் ஒரே மாதிரி. ஸ்கேனில் அது தெரியாமல் போகும். மல்டிகிரேட் தாளில் (விளக்கின் நிறத்தைப் பொறுத்து முரண்பாடு மாறும் அச்சுத்தாள்) அச்சிட்டால் நீலத்தைத் தடுத்து முரண்பாட்டைக் குறைக்கும்.

பிரித்தறியவும் வழி இருக்கிறது. முதல் துண்டில் மட்டும் கடைசி இரண்டு பிரேமைப் பாதி வெயில், பாதி நிழல் விழும் சுவருக்கு ஒதுக்குங்கள். கழுவி முடித்து அதில் ஒன்றை வெட்டி, ஒரு வீத பொட்டாசியம் ஃபெரிசயனைட்டையும் இருபது வீத ஹைப்போவையும் சம அளவு அப்போதே கலந்து அதில் போடுங்கள். வெள்ளி கரைந்து போகும். மிஞ்சிய பழுப்பில் வெயிலும் நிழலும் வேறாகத் தெரிந்தால் தேயிலை படம் போட்டிருக்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். கலவை பத்து நிமிடத்தில் செத்துவிடும், அமிலம் பக்கத்தில் வேண்டாம்.

தொங்கல்மலை:
கடையில கேக்கும்போது நிறத்தைப் பாத்து வாங்குங்க. ஃபெரிசயனைட் செக்கச் செவேல்னு படிகமா இருக்கும். மஞ்சளாத் தந்தா அது ஃபெரோசயனைட், வெள்ளியைத் தொடாது. பிரேம் அப்படியே நிக்கும், நீங்க ரெண்டு பேரும் ‘படச்சாயம்தான்’னு முடிவு பண்ணிருவீங்க.