பில்லி ஜீன் கிங் கோப்பை: சிறந்த வீராங்கனையை இரண்டாம் இடத்தில் இறக்கலாமா?

கேள்வி: ஸ்லைஸ்_சர்வ்

பெண்கள் டென்னிஸில் நாடுகள் அணியாக ஆடும் இந்தக் கோப்பையில், இரு அணிகளுக்கு இடையிலான சில மோதல்கள் 3 ஆட்டம், சில 5 ஆட்டம் என்று நடக்கின்றன. எது எப்போது? இன்னொன்று: 3 ஆட்ட மோதலில் எதிரணியின் நம்பர் 1 நம்மைவிட மிக வலுவானவர் என்றால், அவரிடம் நம் பலவீனமான ஆளைக் காவு கொடுத்துவிட்டு, நம் சிறந்த வீராங்கனையை அவர்களின் நம்பர் 2-உடன் மோத விடலாம் அல்லவா? கேப்டன்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்: பேஸ்லைன்

செய்ய விடமாட்டார்கள், அதுதான் காரணம். ஒற்றையர் ஆட யார் யார் என்று இருவரைத் தேர்ந்தெடுப்பதோடு கேப்டனின் உரிமை முடிந்தது. அந்த இருவரில் உலகத் தரவரிசையில் மேலே இருப்பவர்தான் நம்பர் 1.

ஆனால் எந்த இருவர் என்பதில் கை வைக்கலாம். மூன்றாவது, நான்காவது ஆள் நல்ல ஃபார்மில் இருந்தால், அணியின் இரண்டாமவரை உட்கார வைத்துவிட்டு அவரை நம்பர் 2 ஆக இறக்கலாம். 2023-இல் ஸ்பெயினின் செவியாவில் கனடா செய்தது இதுதான். தரவரிசையில் 250-க்கும் கீழே இருந்த மரினா ஸ்டாகுசிச்சை இறக்கினார்கள். இறுதியில் இத்தாலியின் ட்ரெவிசானை அவர் நேர் செட்களில் வென்றார். பிறகு லேலா பெர்னாண்டஸ் பாவ்லினியை வெல்ல, 2-0, கோப்பை.

3 ஆட்ட வடிவம் ஒரே ஊரில் அணிகள் கூடி ஆடும் இறுதிச் சுற்றுக்கு. ஒரே நாளில் நம்பர் 2-கள், நம்பர் 1-கள், இரட்டையர் என்ற வரிசை. 5 ஆட்டம் என்பது ஓர் அணியின் சொந்த நாட்டில் இரண்டு நாள் நடக்கும் மோதலுக்கு. முதல் நாள் இவர்களின் 1 அவர்களின் 2-உடன், அவர்களின் 1 இவர்களின் 2-உடன். மறுநாள் 1-உம் 1-உம், 2-உம் 2-உம், கூடவே ஓர் இரட்டையர். ஆடுகளம் எந்த வகைத் தரை என்பதைத் தேர்வு செய்வது போட்டியை நடத்தும் நாடு. பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

பதில்: டியூஸ்_கோர்ட்

5 ஆட்ட வடிவத்தில் கேப்டனின் உண்மையான ஆயுதம் இரண்டாம் நாள் மாற்றம். 2019-இல் பெர்த்தில் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் மோதிய இறுதிப் போட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் நாள் பிரான்சின் மிளாடெனோவிச் டோம்ஜனோவிச்சை 6-1, 6-1 என வென்றார். அடுத்து ஆஷ்லி பார்ட்டி, கார்சியாவை 6-0, 6-0 என நசுக்கினார். 1-1. மறுநாள் மிளாடெனோவிச் முதல் செட்டை இழந்தும், மூன்றாவது செட் 6-6 ஆனபின் வரும் டைபிரேக்கில் பார்ட்டியை வீழ்த்தினார். அடுத்த ஒற்றையருக்கு கார்சியா வரவில்லை. பிரான்ஸ் கேப்டன் பெனட்டோ, அவருக்குப் பதில் பார்மென்டியரை இறக்கினார். அவர் டோம்ஜனோவிச்சிடம் தோற்றார், 2-2. பலர் அப்போது கேப்டனைத் திட்டியிருப்பார்கள்! ஆனால் கார்சியா ஓய்வாக இருந்தார். கார்சியா–மிளாடெனோவிச் ஜோடி பார்ட்டி–ஸ்டோசர் ஜோடியை 6-4, 6-3 என வென்றது.

மறுபக்கம் பார்ட்டிக்கு இரண்டு நாளில் அது மூன்றாவது ஆட்டம். அதிலும் ஒன்று அன்றே முழு மூன்று செட் போனது. ஒரே ஆளை மூன்று ஆட்டத்துக்கும் நம்பினால் கணக்கு பிசகுவது இப்படித்தான்.

ஸ்லைஸ்_சர்வ்

புரிகிறது. அப்படியென்றால் 3 ஆட்ட வடிவத்தில் இரட்டையருக்கு மதிப்பு இன்னும் அதிகமா? 2-0 ஆகிவிட்டால் அது நடக்காதே?

பதில்: பேஸ்லைன்

ஐந்தில் ஒன்று என்பது மூன்றில் ஒன்றாகிறது, அவ்வளவுதான் கணக்கு. தோற்றால் வெளியேறும் நாக்-அவுட்டில் 2-0 என்றால் இரட்டையர் கிடையாது. முன்பு குழுச் சுற்று இருந்தபோது அந்த ஆட்டமும் புள்ளிப் பட்டியலுக்குத் தேவைப்பட்டது.

இத்தாலி 2024, 2025 இரண்டிலும் கோப்பை வென்றதைப் பாருங்கள். இரண்டு அரையிறுதியும் ஒரே அச்சு. நம்பர் 2 தோற்றார் (2024-இல் போலந்தின் லினெட்டிடம் ப்ரோன்செட்டி, 2025-இல் உக்ரைனின் கோஸ்ட்யுக்கிடம் கோசியாரெட்டோ). பாவ்லினி முதல் செட்டை விட்டுவிட்டு ஸ்வியாடெக்கையும், அடுத்த ஆண்டு ஸ்விடோலினாவையும் மூன்று செட்டில் வென்றார். பிறகு எர்ரானியுடன் இரட்டையர். இருவரும் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜோடி. அன்று காலைதான் சேர்ந்து ஆடத் தொடங்கியவர்கள் இல்லை. நட்சத்திர வீராங்கனைகள் இருவரைக் கடைசி நேரத்தில் ஒட்டவைக்கும் அணிகள் தடுமாறுவது வலையருகே யார் எப்போது குறுக்கே பாய்வது என்ற புரிதல் இல்லாததால்.

ஜோடியை முன்பே எழுதிக் கொடுத்தாலும் ஒற்றையர் முடிந்ததும் மாற்றலாம். அதனால் 1-1 ஆகும் நேரத்தில் கேப்டனின் முகத்தைக் கவனியுங்கள். அவர் கோர்ட்டிலேயே பெஞ்சில்தான் இருப்பார். பக்கம் மாறும்போதெல்லாம் வீராங்கனையிடம் பேசலாம்.

பதில்: நெட்கார்ட்

ஒரு சின்ன எச்சரிக்கை: பழைய முடிவுகளைப் படிக்கும்போது 2-1 என்றிருந்தால் குழம்ப வேண்டாம். 1963-இல் ஃபெடரேஷன் கோப்பையாகத் தொடங்கியதிலிருந்து 1994 வரை ஒரே இடத்தில் 3 ஆட்ட மோதல்தான். லண்டன் குயின்ஸ் கிளப்பில் நடந்த முதல் இறுதியில் அமெரிக்கா ஆஸ்திரேலியாவை வென்றதும் 2-1. 1995-இல் ஃபெட் கோப்பை ஆனதும் 5 ஆட்டம் வந்தது. இன்றைய பெயர் 2020-இல் வந்தது.

இங்கே வென்றால் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) தரவரிசைப் புள்ளி கிடையாது. யுனைடெட் கோப்பையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது ஆண்களும் பெண்களும் கலந்து ஆடுவது, அதில் புள்ளி உண்டு.